மேல் லென்ஸ், கீழ் லென்ஸ்

ஒரு கிலோவுக்கு மேல் எடை. கழுத்தில் மாட்டி அரைமணி நடந்தால் பிடரி சொல்லிவிடும்.

யாஷிகா மேட் 124ஜி. 1970-இல் வந்த மாடல், 1986 வரை செய்தார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களில் ரோலிஃபிளெக்ஸ் வாங்க முடியாதவர்கள் யாஷிகா வாங்கினார்கள். வாங்க முடிந்தவர்களும் இரண்டாவதாக ஒன்று வைத்திருந்தார்கள்.

தோல் உறை ஒருமுறை பிரிந்திருக்கிறது. செருப்புத் தைக்கிற நூலால் திரும்பத் தைத்திருக்கிறார்கள். தையல் கோணல். ஆனால் கெட்டி.

உறைக்குள்ளே பால்பாயிண்ட் பேனாவில் ஸ்டுடியோ பெயர். பாதி அழிந்துவிட்டது. "...ஸ்வரி" மட்டும் மிச்சம். ராஜேஸ்வரியா, மகேஸ்வரியா, புவனேஸ்வரியா.

விற்றவர் சொன்னது: "கல்யாணத்துக்குப் போய்ப் பழகின கேமரா சார். சும்மா வெச்சீங்கன்னா ஷட்டர் இறுகிடும்."

மேல் லென்ஸ் பார்க்க. கீழ் லென்ஸ் எடுக்க. மேலே இருப்பது 2.8, கீழே 3.5. பார்க்கிறதுக்குத்தான் வெளிச்சம் கூடுதல்.

பார்ப்பது ஒன்று, எடுப்பது இன்னொன்று. கிட்டே போகப்போக இரண்டும் ஒத்துப்போகாது. குனிந்து பார்க்கிற திரையில் முழுத் தலை இருக்கும், நெகட்டிவில் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். ஒரு மீட்டருக்குள் போகவே விடாது, நல்ல வேளை.

மேல்மூடியைத் தூக்கினால் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு உயிர் வரும். மூடினால் அணைந்துவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க யாரோ ஒரு நல்ல கஞ்சர் யோசித்திருக்கிறார்.

அந்த பேட்டரி இப்போது கிடையாது. பாதரச பேட்டரி, 1.35 வோல்ட். பாதரசம் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். 1.5 வோல்ட் போட்டால் முள் துள்ளும். இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகச் சொல்லும். அதை நம்பினால் நெகட்டிவ் மெலிந்து வரும்.

மீட்டர் வேண்டாம். வெயில் பளீர் என்றால் எஃப் 16, பிலிம் 100, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு. அந்தக் காலத்து பிலிம் பெட்டிகளில் சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னதாகப் படம் போட்டுச் சொன்னது இதைத்தான்.

சென்னையில் காலை பத்துக்கு மேல் அந்தக் கணக்குகூட வேண்டாம். இங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நிழல்தான் கஷ்டம். வேப்பமரத்தடியில் நிற்கிறவர் முகத்தில் காசு காசாக விழுகிற வெயிலை எந்த மீட்டரும் சரியாகச் சொன்னதில்லை.

திரையில் இடது வலதாகத் தெரியும். மேல் கீழ் சரி. பக்கம் மட்டும் மாறும்.

பையன் வலது பக்கம் ஓடுகிறான். திரையில் இடது பக்கம் ஓடுகிறான். கை தன்னால் இடது பக்கம் திரும்பும். பையன் போயே விடுவான்.

கடைப் பலகைகளைத் திரையில் படிக்க முடியாது. படிக்க முடியாததால் கடை கடையாகத் தெரிவதில்லை. தகரம், கம்பம், சாக்கு, ஒரு கால்.

இது நல்லதுதான் என்று நினைக்கிறேன். தெருவில் எழுத்து ரொம்பவே கத்துகிறது.

காசிமேடு, விடிகாலை. மீன்காரம்மா: "இன்னாபா, குனிஞ்சு இன்னா தேடுற? காசு வுட்டுட்டியா?"

கேமராவைக் கண்ணில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். குனிந்தால் விட்டுவிடுகிறார்கள். சிலர் நாமும் என்னவென்று பார்ப்போம் என்று கூடவே குனிகிறார்கள். அப்போது படமில்லை, இரண்டு தலைகள்தான்.

குழந்தைகளுக்குத் திரையைக் காட்டாமல் தப்பிக்க முடியாது. ஒருத்தி, ஏழெட்டு வயதிருக்கும், ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள். பிலிம் கறுப்பு வெள்ளை என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"உள்ள கலராத்தானே இருக்கு. அப்புறம் எங்க போவுது?"

பதில் தெரியும். சொல்ல வரவில்லை.

எடுத்து முடித்ததும் "காட்டுங்க" என்று கை நீட்டுகிறார்கள். கேமராவைத் திருப்பி முதுகைக் காட்டுவேன். தோல். அதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்கள்.

ஷட்டர் சத்தம் கேட்காது. லென்ஸுக்குள்ளேயே இருக்கிற ஷட்டர். 'ட்டிக்'. பஸ் நிலையத்தில் எனக்கே கேட்காது. நிற்கிறவர் மூச்சைப் பிடித்தபடி நிற்பார். "எடுத்தாச்சு" என்று சொன்னால்தான் விடுவார்.

எழுபது தாண்டியவர்களுக்கு இந்தக் கேமராவின் முன்னால் நிற்கத் தெரிகிறது. சட்டை மேல்பொத்தானைப் போடுகிறார்கள். கை தொடையை ஒட்டி நிற்கிறது. மோவாய் தானாக ஒரு அரை அங்குலம் இறங்குகிறது. எப்போதோ ஒருவர் அவர்களிடம் "தலையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொன்னது இன்னும் அங்கேயே இருக்கிறது.

120 பிலிம் 1901-இல் வந்தது. கோடக்கின் பிரவுனி பெட்டிக் கேமராவுக்காகச் செய்தது. அந்தக் கேமரா போய்விட்டது. பிலிம் அளவு அப்படியே இருக்கிறது.

பிலிமுக்குப் பின்னால் காகிதம். காகிதத்தின் முதுகில் மூன்று வரிசை எண்கள். எட்டுப் படம் எடுக்கிற கேமராவுக்கு ஒரு வரிசை, பன்னிரண்டுக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று. என் கேமரா எதையும் படிப்பதில்லை. அம்புக்குறியை ஒருமுறை புள்ளிக்கு நேரே வைத்துவிட்டால் போதும், கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தானே நின்றுகொள்ளும்.

அக்ஃபா கிளிக் 3-இல் முதுகில் சிவப்பு ஜன்னல். எண் நகர்ந்து வந்து நிற்கும். அதைத் தாண்டிச் சுற்றிவிட்டால் ஒரு படம் போச்சு. அப்பா சுற்றும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது.

பன்னிரண்டு முடிந்ததும் ரோலைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை. இல்ஃபோர்டு என்றால் நக்கி ஒட்டவேண்டும். தபால்தலை மாதிரி ஒரு கசப்பு. ஃபூஜிக்காரர்கள் சுத்தக்காரர்கள், உரித்து ஒட்டினால் போதும்.

விவியன் மேயர். சிகாகோவில் பணக்கார வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்டவர். கழுத்தில் ரோலிஃபிளெக்ஸ். வாடகை கட்டாமல் விட்ட கிடங்கிலிருந்து அவர் பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் இறந்தார். ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ். கழுவாத ரோல்கள் குவியல் குவியலாக.

கழுவக் காசில்லை என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

ஹோமாய் வியாரவாலா. நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர். அவர் கார் நம்பர் டிஎல்டி 13, பிறந்தது 1913. புடவை கட்டிக்கொண்டு ஸ்பீட் கிராஃபிக்கையும் ரோலிஃபிளெக்ஸையும் சுமந்து பிரதமர்களையும் ராணிகளையும் எடுத்தவர். 1970-இல் நிறுத்திவிட்டார். 2012 வரை இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கேமராப் பக்கம் திரும்பாத வாழ்க்கை.

அவர் நிறுத்தியது நான் வைத்திருக்கிற மாடல் வெளிவந்த அதே வருஷம். இதில் ஒன்றுமில்லை. குறித்துவைக்கிறேன்.

இருட்டில் பிலிமைக் காகிதத்திலிருந்து பிரிக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒட்டுப்பட்டை. அதை வெடுக்கென்று இழுத்தால் நீலமாக ஒரு பொறி ஓடும். குளியலறை, நள்ளிரவு, கதவிடுக்கில் துண்டு, சுவிட்ச் அணைத்தாகிவிட்டது. எங்கிருந்தோ வெளிச்சம்.

பசை பிரியும்போது வருகிற வெளிச்சம். மெதுவாக உரித்தால் வராது. நான் வேகமாகத்தான் உரிக்கிறேன்.

கை வேர்த்தால் பிலிம் ரீலில் ஏறாது. பாதியில் நிற்கும். இருட்டில் விளக்கைப் போடவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல், கையில் பிலிமோடு ஃபேன் இல்லாத அறை. கீழ்வீட்டு சீரியல் வசனம் முழுக்கக் கேட்கும்.

ஒவ்வொரு நெகட்டிவிலும் ஒரு கோடு.

மேலிருந்து கீழே, நேராக. பிரின்ட்டில் கறுப்பாக விழுகிறது. இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. வானத்தில் தெரியும். வெள்ளைச் சுவரில் தெரியும். கூட்டத்தில் தெரியாது.

இந்தக் கேமராவில் பிலிம் கீழிருந்து மேலே ஏறுகிறது. போகிற வழியில் எதுவோ உரசுகிறது. உரசிய இடத்தில் மருந்து சுரண்டிப்போகிறது. அங்கே வெள்ளி கிடையாது. வெளிச்சம் தடையில்லாமல் கடக்கும். அதனால் கறுப்பு.

அப்படியென்றால் "...ஸ்வரி" எடுத்த கல்யாணங்களிலும் இருந்திருக்கும். எத்தனை ஆல்பங்களில். மாலைக்குப் பக்கத்தில், மணவறைத் தூணுக்குப் பக்கத்தில், தூணோடு தூணாக.

கும்பகோணத்தில் ஒரு பெரியவர். ஸ்டுடியோவை மகன் ஜெராக்ஸ் கடையாக்கிவிட்டார். பின்னறையில் டச்சிங் மேசை இன்னும் இருக்கிறது. சாய்வுப் பலகை, நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அடியிலிருந்து ஏறும். மேலே நெகட்டிவ்.

நெகட்டிவ் வழுவழுவென்று இருக்கும், பென்சில் பிடிக்காது. அதனால் முதலில் ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசிமுனை ஆக்க வேண்டும். அப்புறம் கோடு இல்லை, புள்ளி. சின்னச் சின்னச் சுழி. நெகட்டிவில் பென்சில் விழுகிற இடம் பிரின்ட்டில் வெளுக்கும்.

கண்ணுக்குக் கீழே கருவளையம். அம்மைத் தழும்பு. முகப்பரு. எல்லாம் நிழல்கள்தான், எல்லாவற்றையும் அடைக்கலாம்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போற படம்னா பொண்ணோட அம்மா கூடவே உட்கார்ந்துப்பாங்க தம்பி. இதை எடு, இதை எடுன்னு. மச்சத்தை மட்டும் எடுக்க மாட்டேன். நேர்ல பார்க்கும்போது வேற பொண்ணும்பாங்க."

கோடு பற்றிக் கேட்டேன்.

"கோடு விழாத கேமரா ஏது? பென்சில்ல அடைச்சிடுவோம்."

சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து அறையில் ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

பழைய நெகட்டிவ் எல்லாம் எங்கே என்றேன். கை விரித்தார். வெள்ளிக்காகக் கிலோ கணக்கில் எடுத்துப் போவார்களாம். பயன்படுத்திய ஹைப்போவையும் வாங்க ஆள் வரும். கரைசலில் வெள்ளி இருக்கும். அதற்கும் முந்தைய கண்ணாடித் தகடுகள்? கழுவினால் நல்ல கண்ணாடி. படத்துக்குச் சட்டம் போட ஆகும்.

ஒருவர் படத்தைக் கழுவிய கண்ணாடிக்குப் பின்னால் இன்னொருவர் படம்.

மிஞ்சியதில் கொஞ்சத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் ஸ்கேன் செய்திருக்கிறார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முதலில் முகம் பார்த்தேன். பிறகு திரைச்சீலை. பிறகு கால்கள். நிறையப் பேர் செருப்பில்லாமல் நிற்கிறார்கள், பின்னால் ஐரோப்பிய மாளிகைப் படி.

எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். "உன்கிட்ட பழைய கேமரா இருக்காமே. என்னை ஒண்ணு எடு."

புடவை மாற்றியிருந்தார். தோடு போட்டிருந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். வேண்டாம், சுவரை ஒட்டிப் போடு என்றார்.

"பல்லு தெரியாம எடு."

"சரி பாட்டி."

"பெருசா போட்டா நல்லா வருமில்ல?"

"எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கலாம் பாட்டி. நெகட்டிவ் பெருசு."

"ரொம்ப வேண்டாம். உங்க தாத்தா படம் எவ்வளவோ அவ்வளவு."

தாத்தா படம் பின்னால் சுவரில் இருந்தது. பிளாஸ்டிக் மாலை, மேலே ஜீரோ வாட் பல்பு. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருந்தது.

ஷட்டர் 15-இல் ஒரு பங்கு. ஆடாமல் இருங்கள் என்று சொல்லத் தேவைப்படவில்லை.

ஊட்டியில் இந்துநகர். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் தொடங்கி 1967-இல் பிலிம் செய்ய ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பம். பிலிமுக்குப் பெயர் 'இந்து'. வெளிநாட்டு பிலிம் எளிதில் கிடைக்காத காலத்தில் ஸ்டுடியோக்காரர்களின் சோறு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் அதிலிருந்துதான்.

பிலிம் தொழிற்சாலையில் பாதி வேலை இருட்டில். நீலகிரியில் அந்தப் பச்சைக்கும் பனிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஷிஃப்ட் போட்டு இருட்டுக்குள் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஊருக்குப் பெயர் மட்டும் இந்துநகர். பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

சென்னையில் பிலிம் கழுவுவது வெயிலோடு மல்லுக்கட்டுவது. புத்தகம் எல்லாம் 20 டிகிரி என்கிறது. ஹெச்பி5 பிலிமுக்கு ஐடி-11 மருந்தில் ஏழரை நிமிஷம், 20 டிகிரியில். குழாயில் வருவது 30-க்கு மேல். சூடு ஏற ஏற நேரம் குறையும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவாது, வானத்தில் திட்டுத் திட்டாக வரும்.

ஆகவே ஐஸ். ஜூஸ் கடையில் ஒரு கட்டி. "வீட்ல விசேஷமா?" என்று கேட்பார். ஆமாம் என்றுவிடுவேன்.

தண்ணீர். தொடர்ந்து குழாயடியில் அரைமணி அலசச் சொல்வது பழைய முறை. இல்ஃபோர்டு சொல்கிற முறையில் மூன்று தடவை தண்ணீர் மாற்றினால் போதும். முதல் தடவை ஐந்து முறை கவிழ்க்க வேண்டும், அடுத்து பத்து, கடைசியில் இருபது. 2019 ஜூனில் ஏரிகள் வற்றி லாரிக்கு வரிசையில் நின்றபோது அந்த மூன்று தண்ணீரையும் வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினேன்.

கடைசித் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு ஷாம்பு. இல்லாவிட்டால் காயும்போது நீர்ப்பொட்டு நிற்கும்.

துணிக் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட வேண்டும், மேலே ஒன்று, கீழே பாரத்துக்கு ஒன்று. காயும்வரை வீட்டில் யாரும் ஃபேன் போடக்கூடாது. இதற்கு மட்டும் இன்னும் வீட்டில் மரியாதை கிடைக்கவில்லை.

நிலவில் பன்னிரண்டு ஹாசல்பிளாட் கேமராக்கள் கிடக்கின்றன. எடை குறைக்க விட்டுவிட்டு பிலிம் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தார்கள். நெஞ்சில் மாட்டிய கேமரா. கண்ணில் வைத்துப் பார்க்க வழி கிடையாது. உடம்பைத் திருப்பி எடுத்தது.

ஆல்ட்ரின் நிற்கிற அந்தப் பிரபலமான படம். மூலத்தில் தலைக்கு மேல் இடமே இல்லை. பிறகு மேலே கறுப்பைக் கூட்டி ஒட்டினார்கள். வானம்தானே.

புகைப்படக்காரர் தயானிதா சிங்கும் ஹாசல்பிளாட்தான், என் கேமரா மாதிரியே சதுரப் படம்தான். 2022-இல் அந்தக் கம்பெனி பெயரில் இருக்கிற விருதும் கிடைத்தது. அவர் படங்களில் காலி நாற்காலிகளை யாரோ இப்போதுதான் விட்டு எழுந்த மாதிரி இருக்கும்.

சதுரப் படத்துக்கு ஊரில் சட்டம் கிடைப்பதில்லை. எல்லாச் சட்டமும் 6க்கு 8, 8க்கு 10, 12க்கு 15. பக்கத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேலும் கீழும் வெள்ளை விட வேண்டும். தாத்தா படம் 12க்கு 15.

பழைய வீட்டு ரேழி. கணக்கு பத்து விநாடி என்கிறது. பத்து விநாடி போதாது. ஹெச்பி5-க்கு இருபது விநாடி கொடுக்க வேண்டும். ரொம்ப நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிலிமும் சோர்ந்துவிடும். இருபதை வாய்விட்டு எண்ணினேன். பன்னிரண்டில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது, பதினேழில் போய்விட்டது. நெகட்டிவில் பூனை இல்லை. தரையில் ஒரு மங்கல்.

லென்ஸில் பூஞ்சை. டார்ச் அடித்தால் ஓரத்தில் நூல் நூலாக. திருவல்லிக்கேணியில் மாடியில் இருக்கிற ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். படிக்கட்டு செங்குத்து. மேலே போனால் மேசை முழுக்கக் கழற்றிய கேமராக்கள், சோப்பு டப்பா மூடிகளில் திருகுகள். ஒவ்வொரு மூடியும் ஒரு கேமரா. மாறிப்போகாதா என்றால் சிரிக்கிறார்.

"இது ஆரம்பம்தான் சார். போயிடும். கோட்டிங்கைத் தின்ன ஆரம்பிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. பீரோவுல வெக்காதீங்க. துணியும் இருட்டும்தான் அதுக்குச் சாப்பாடு."

கோட்டையும் காட்டினேன். பின்கதவைத் திறந்து விரல் நுனியால் உருளையைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு. ஓர் இடத்தில் விரல் நின்றது. தீக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு தேய்ப்பு, ஒரு ஊதல்.

"ரொம்ப நாளா இருந்திருக்கு. யாரும் பார்க்கலையா?"

பென்சில்ல அடைச்சிருப்பாங்க என்றேன். அவர் அதற்குள் அடுத்த கேமராவுக்குப் போய்விட்டார்.

அடுத்த ரோல். மெரினா, காலை. வானம் முழுக்க வானம்தான். கோடு இல்லை.

பாட்டி நெகட்டிவில் இருக்கிறது. முகத்தில் விழவில்லை. சுவரில், இரண்டு ஆணிக்கும் நடுவில்.

படம் என்னாச்சு என்று பால்கனியிலிருந்தே கேட்கிறார். இன்னும் பிரின்ட் போடவில்லை.

வாங்க வேண்டியவை: ஹைப்போ. ஷாம்பு சாஷே. நைஸ் உப்புத்தாள் ஒரு ஷீட். பென்சில், 2ஹெச்சா 4ஹெச்சா என்று கும்பகோணத்துக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு.